உங்களுக்குத் தெரியுமா? நஷ்டஈடு கிடைத்தது முதலாளிகளுக்கு!

தென் அமெரிக்காவின் சூரினாமில் டச்சு அரசு அடிமை முறையை ஒழித்த நாள் 1863 ஜூலை 1. அன்று 30,000-க்கும் மேற்பட்டவர்கள் சட்டப்படி விடுதலை பெற்றார்கள். அரசு நஷ்டஈடும் கொடுத்தது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு, தலைக்கு 300 கில்டர் வீதம்! தலைமுறை தலைமுறையாகக் கரும்புத் தோட்டங்களிலும் காபித் தோட்டங்களிலும் உழைத்துத் தேய்ந்தவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை.

கொடுமை அதோடு முடியவில்லை. தோட்டங்களில் ஆள் குறைந்துவிடக் கூடாது என்று, 15 முதல் 60 வயது வரையுள்ளவர்கள் மேலும் 10 ஆண்டுகள் அரசின் கண்காணிப்பில், ஒப்பந்தம் போட்டு வேலை செய்ய வேண்டும் என விதித்தார்கள். உண்மையான விடுதலை 1873-இல்தான். அதே ஆண்டு ஜூன் 5 அன்று, அதே தோட்ட வேலைக்காக, லல்லா ரூக் என்ற கப்பல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைச் சூரினாமில் கொண்டுவந்து இறக்கியது.

டச்சு அடிமை வணிகம் நம் கரையையும் விட்டுவைக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவுக்குக் கப்பலேற்றியது. பஞ்ச காலத்தில் இந்த வணிகம் பெருகியது.

நெதர்லாந்து மன்னர் வில்லெம்-அலெக்சாண்டர் அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டது 2023 ஜூலை 1 அன்று.