பத்திலிருந்து பதினொன்றுக்கு

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள். அன்றோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. டேலி திறந்தது, பிரிண்டர் ஓடியது, யூடியூப் பாடியது. 'ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு மாற்ற வேண்டும்?' என்ற கேள்வி வீடுகளிலும் கடைகளிலும் எழுவது அதனால்தான். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே பதில் அதற்குக் கிடையாது. கம்ப்யூட்டர் எந்த ஆண்டு வாங்கியது, அதில் என்ன வேலை நடக்கிறது, அது இன்டர்நெட்டில் இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29 அன்று. அதற்கு முந்தைய விண்டோஸ் 8, ஸ்டார்ட் பட்டனையே தூக்கிவிட்டு வந்ததால் பலருக்குப் பிடிக்காமல் போனது. பெரும்பாலோர் விண்டோஸ் 7-ஐ விட்டு நகரவில்லை. அவர்களை இழுத்துக்கொண்டுவர 10-ஐ மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே கொடுத்தது. இதுதான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஜெர்ரி நிக்சன் அந்த ஆண்டு ஒரு மாநாட்டில் பேசியது உலகம் முழுக்கச் செய்தியானது. இனி மாற்றும் தொல்லை இல்லை என்று பலரும் நம்பினார்கள். ஆறு ஆண்டு கழித்து, 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தது. வந்தும் மக்கள் அவசரப்படவில்லை. ஸ்டாட்கவுன்ட்டர் என்ற புள்ளிவிவர நிறுவனத்தின் கணக்குப்படி, பயன்பாட்டில் 11 பத்தை முந்தியது 2025 ஜூலையில்தான்.

சரி, நின்றுபோனது என்ன? விண்டோஸ் போன்ற ஒரு இயங்குதளம் கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்ட நிரல். அதில் ஓட்டைகள் இருந்தே தீரும். மாதாமாதம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டும் இருக்கும். அவற்றை அடைக்கும் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அப்டேட் என்று நாம் அலுத்துக்கொள்வதில் பெரும்பகுதி இதுதான். பத்துக்கு இது நின்றுவிட்டது, பதினொன்றுக்குத் தொடர்கிறது. ஆபத்தும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டும் ஒரே நிரலிலிருந்து வளர்ந்தவை. பதினொன்றின் உள்ளே போய்ப் பதிப்பு எண்ணைப் பார்த்தால் இன்றைக்கும் 10.0 என்றுதான் தொடங்கும். ஆகவே பதினொன்றுக்கு வெளியாகும் ஒரு திருத்தத்தைப் பழைய நிரலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பது தெரிந்துவிடும். ஒரே மேஸ்திரி கட்டிய அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒன்றில் பூச்சு வேலை நடக்கும்போது, இன்னொன்றில் விரிசல் எங்கே இருக்கும் என்று வேடிக்கை பார்ப்பவனுக்குப் புரிந்துவிடுவதைப் போல. நாள் ஆக ஆகப் பழைய பதிப்பின் ஆபத்து கூடுவதற்கு இதுவே காரணம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதற்கு 2017 மே 12-ஐ நினைத்துப் பார்த்தால் போதும். அன்று வெள்ளிக்கிழமை. வானாகிரை என்ற நச்சுநிரல் சில மணி நேரத்தில் உலகம் முழுக்கப் பரவியது. யாரும் தப்பான லிங்க்கைத் தொட வேண்டியதுகூட இல்லை. நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு அதுவே தாவியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்றது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. ரெனோ கார் தொழிற்சாலைகளில் வேலை நின்றது. இந்தியாவில் ஆந்திர போலீஸின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின. அந்த நச்சுநிரல் நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே, அதாவது இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, அப்போது பராமரிப்பில் இருந்த விண்டோஸ் 7 ஓடியவை. திருத்தம் கையில் இருந்தும் போட்டுக்கொள்ளாதவை. 2014 ஏப்ரல் 8-லேயே பராமரிப்பு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தத்தை வெளியிட வேண்டியதாயிற்று.

'ஆன்டிவைரஸ் இருக்கிறதே?' என்று கேட்கலாம். விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டருக்குப் புதிய வைரஸ்களின் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஆன்டிவைரஸ் செய்வது வருகிறவனை அடையாளம் பார்ப்பது. ஓட்டையை அது அடைக்காது. இன்னொன்று, இயங்குதளம் பழசானால் மற்ற மென்பொருள்களும் ஒவ்வொன்றாகக் கைவிடும். விண்டோஸ் 7-இலும் 8.1-இலும் ஓடிய கடைசி குரோம், 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பு. அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர்களில் பிரவுசரே பழைய பிரவுசர்தான்.

இனி ஒப்பீடு. கண்ணில் படும் மாற்றங்கள் கொஞ்சம்தான். ஸ்டார்ட் பட்டன் இடது மூலையிலிருந்து நடுவுக்கு வந்துவிட்டது. வேண்டுமானால் செட்டிங்ஸில் போய்ப் பழையபடி இடதுக்குத் தள்ளிக்கொள்ளலாம். 11 வந்தபோது, டாஸ்க்பாரைத் திரையின் பக்கவாட்டிலோ மேலேயோ வைத்துக்கொள்ளும் வசதி பறிபோனது. பல ஆண்டுகளாக அப்படி வைத்துப் பழகியவர்களுக்கு இது உண்மையான இழப்பு. கோப்பின் மீது ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியல் சுருக்கப்பட்டு, பழைய கட்டளைகள் இன்னொரு சொடுக்குக்குப் பின்னால் போய்விட்டன. லாபம் என்று பார்த்தால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டேப் வந்திருக்கிறது. இரண்டு மூன்று ஜன்னல்களைத் திரையில் பக்கம் பக்கமாக அடுக்குவது சுலபமாகியிருக்கிறது. இதற்காக மட்டும் யாரும் மாற வேண்டியதில்லை.

பெரிய வித்தியாசம் உள்ளே இருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட், 64-பிட் பிராசசர், குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் ஆகியவற்றைப் பதினொன்று கட்டாயமாகக் கேட்கிறது. பிராசசரும் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அளவில் தொடங்குகிறது. அதாவது 2017-க்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர்கள் அநேகமாக வெளியே. டிபிஎம்மைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ரகசியச் சாவிகளைப் பிராசசரின் பொது நினைவகத்தில் வைக்காமல் தனியே பூட்டி வைப்பது உண்மையாகவே பயன் தருகிறது. ஆனால் பிராசசர் விஷயத்தில் வரைந்த கோட்டை அப்படி ஏற்க முடியவில்லை. ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் கூடாது என்ற அதே மைக்ரோசாஃப்ட், தான் விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 கம்ப்யூட்டரில் இருந்த ஏழாம் தலைமுறை ஐ7-7820எச்கியூ பிராசசருக்கு விலக்குக் கொடுத்தது. அதன் கூடப் பிறந்த மற்ற பிராசசர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தும், தகுதியற்றவை ஆயின. ஓடுகிற இயந்திரத்தைக் குப்பைக்கு அனுப்பும் முடிவு ஒன்று இவ்வளவு லேசாக எடுக்கப்படக் கூடாது.

தமிழ்நாட்டில் இதன் பாரம் எங்கே விழுகிறது என்பதற்கு இரண்டு இடங்களைச் சொல்லலாம். ஒன்று, 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டம். அதன் தொடக்க ஆண்டுகளில் கொடுக்கப்பட்டவை எதிலும் பதினொன்று ஏறாது. இன்னொன்று, டிடிபி கடைகளும் சிறிய அச்சகங்களும். இங்கே இன்னும் பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்கள். பேஜ்மேக்கர் 7.0 வெளிவந்தது 2001-இல். அதற்குப் பிறகு அடோபி புதிய பதிப்பு எதையும் கொண்டுவரவில்லை. அதற்கு யூனிகோட் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய ஃபாண்ட்களில்தான் அதில் தமிழ் வரும். இருபது வருடத்துப் பத்திரிகை டிசைன்கள் அந்த ஃபாண்ட்களில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கலந்து கிடக்கும்.

இவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10 வரை 32-பிட் பதிப்பு இருந்தது, பதினொன்றில் கிடையாது. 16-பிட் காலத்து மென்பொருள்களும் 32-பிட் டிரைவர்களை நம்பிய பழைய பிரிண்டர்களும் இதோடு போய்விடும். 32-பிட் விண்டோஸ் 10 ஓடும் கம்ப்யூட்டரில் பதினொன்றை அப்படியே மேலே ஏற்றவும் முடியாது. ஃபார்மட் செய்து புதிதாகத்தான் போட வேண்டும். இப்படிப்பட்ட கடைக்காரருக்குச் சரியான வழி, பழைய கம்ப்யூட்டரைப் பழையபடியே வைத்துக்கொண்டு இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிடுவது. மெயிலும் வாட்ஸ்அப்பும் ஜிஎஸ்டியும் வேறொரு கம்ப்யூட்டரில் நடக்கட்டும். பென்டிரைவில் கோப்பு கொண்டுபோவது கொஞ்சம் சிரமம்தான், அந்த டிரைவை ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்தாகவும் வேண்டும்; ஆனால் தொழில் நிற்காது.

மற்றவர்களுக்கு என்ன வழி? உடனே மாற முடியாதவர்களுக்கு இஎஸ்யு என்ற நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். இதற்கு 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அங்கே சேமித்துக்கொள்ளச் சம்மதித்தால் காசில்லாமலே கிடைக்கும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதற்கான இணைப்பு வரும். இந்த அவகாசம் யோசிக்கத்தான், தள்ளிப்போட அல்ல.

தகுதியில்லாத கம்ப்யூட்டரிலும் ரூஃபஸ் போன்ற கருவிகளால் சோதனையைத் தாண்டிப் பதினொன்றைப் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, கோர் 2 டுவோ காலத்துப் பிராசசர்களில் இல்லாத கட்டளைகளைக் கேட்பதால் அவற்றில் தொடங்கவே தொடங்காது. கணக்கு வழக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் இந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

பிரவுசர், மெயில், கடிதம் எழுதுவது, படம் பார்ப்பது ஆகியவற்றோடு வேலை முடிகிறவர்களுக்கு லினக்ஸ் என்ற இயங்குதளம் நல்ல வழி. லினக்ஸ் மின்ட், ஜோரின் போன்றவை விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது. ஜோரின் தன் 18-ஆம் பதிப்பை, விண்டோஸ் 10 ஓய்ந்த அதே அக்டோபர் 14 அன்று வெளியிட்டது. நம் ஊரிலும் இது புதிதில்லை. அந்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ், சி-டாக் உருவாக்கியது. பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்து, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுக்கலாம். டேலியோ பேஜ்மேக்கரோ வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பதினொன்றுக்கு மாற முடிவெடுத்தவர்கள் முதலில் மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் செயலியை இறக்கிப் பார்க்க வேண்டும். 'ஓடாது' என்று அது சொன்னாலும் உடனே மனம் தளர வேண்டியதில்லை. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில் டிபிஎம் பிராசசரோடு சேர்ந்தே இருக்கும். கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்பான பயாஸில் அணைந்து கிடக்கும். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்றும் அதற்குப் பெயர். அதை 'எனேபிள்' செய்தவுடன் தகுதி வந்துவிடும் கம்ப்யூட்டர்கள் பல.

பயாஸில் கை வைக்கும் முன் ஒன்று மிக முக்கியம். டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் பூட்டப்பட்டிருந்தால், டிபிஎம்மில் மாற்றம் செய்த பிறகு அடுத்த முறை திரை நீலமாகி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். பூட்டப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததும் அது தானாகவே நடந்துவிடுகிறது. சாவி அந்தக் கணக்கில்தான் பத்திரமாக இருக்கும். லேப்டாப் வாங்கிய அன்று கடையில் இருந்தவர் ஏதோ ஒரு மெயிலில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தால், அது எந்த மெயில், என்ன பாஸ்வேர்டு என்று இப்போதே தேடிப் பிடிக்க வேண்டும். சாவி இல்லையென்றால் குழந்தையின் பிறந்தநாள் படங்களைக் கம்ப்யூட்டர் கடைக்காரராலும் மீட்க முடியாது, மைக்ரோசாஃப்ட்டாலும் முடியாது. சாவியைத் தாளில் எழுதி, பத்திரங்களோடு வைப்பது நல்லது.

பேக்கப் என்றால் டெஸ்க்டாப்பில் கிடப்பதை மட்டும் டி டிரைவுக்கு மாற்றுவது ஆகாது. அதுவும் அதே டிஸ்க்தான். டிஸ்க் போனால் இரண்டும் போகும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுக்க வேண்டும். டேலி டேட்டா ஃபோல்டர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், ஃபாண்ட் ஃபோல்டர் ஆகியவைதான் எப்போதும் மறந்துபோகிறவை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலேயே பதினொன்றைப் போட்டால் நகரவே நகராது. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால் 2018 லேப்டாப்கூட இன்னும் சில வருடம் உழைக்கும்.

64-பிட் விண்டோஸ் 10 அசலாக இருந்தால் பதினொன்று இலவசம். விண்டோஸ் அப்டேட் வழியாகவே மேலே ஏற்றிக்கொள்ளலாம். கோப்புகளும் மென்பொருள்களும் இருந்த இடத்தில் இருக்கும். தமிழ் தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை 2019-லேயே விண்டோஸ் 10-க்குள் வந்துவிட்டது. பதினொன்றிலும் மொழி செட்டிங்ஸில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்றிய பிறகு பழைய இயங்குதளம் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டரில் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் 'ரெகவரி' பகுதிக்குப் போய்ப் பழையதற்கே திரும்பலாம், ஆனால் பத்து நாள்தான் அவகாசம். பிறகு அந்த ஃபோல்டர் அழிந்துவிடும். ஆகவே பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய ஃபாண்ட் என்று வேலைக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் அந்தப் பத்து நாளுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.