உலர்ந்த கிளையில் ஒரு கிண்ணம்

வடகிழக்குப் பருவமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலையில், காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், முறிந்து கிடந்த ஓர் உலர்ந்த கிளையின் மீது பட்டாணி அளவிலான பழுப்புநிறக் கிண்ணங்கள் சிலவற்றைக் கண்டேன். பொருளியல் கற்பித்த எனக்குக் காளானியல் அயல் துறையே. ஆயினும் அவற்றின் பெயரை அறிய முற்பட்டபோதுதான், இனங்காணல் எத்துணைக் கவனம் கோரும் பணி என்பது விளங்கியது.

பட்ட கிளைகளில் கிண்ண வடிவில் தோன்றுபவை அனைத்தும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை அல்ல. மெய்யான கிண்ணக் காளான்களின் உட்புறத்தில் நுண்ணிய பைகள் நெருக்கமாக நிற்கும். பை ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் எட்டு வித்துகள் இருக்கும்; அவை காற்றில் பீய்ச்சப்படும். வெப்பமண்டலக் காடுகளில் காணப்படும் குக்கெய்னா இவ்வகையினது. இந்தியக் காளான்களையும் ஆராய்ந்த 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் எம்.சி.குக்கின் பெயரை அது தாங்கியுள்ளது.

மற்றொன்று பறவைக்கூட்டுக் காளான். இது குடைக்காளான்களுக்கு உறவு. கிண்ணத்துள் பருப்பு போன்ற 'முட்டைகள்' கிடக்கும். வித்துகள் அவற்றினுள் அடங்கியுள்ளன. மழைத்துளி விழும் வேகத்தில் முட்டைகள் வெளியே தெறிக்கின்றன.

அவ்வாறாயின் முட்டை உண்டா என்று பார்த்தால் போதாதா? போதாது. இளம் கிண்ணத்தை மெல்லிய சவ்வு மூடியிருக்கும். மழைக்குப் பின் கிண்ணம் வெறுமையாகிவிடும். நான் முதலில் கண்டவை வெற்றுக் கிண்ணங்களே. அவற்றை மட்டும் படம் பிடித்திருந்தால் தவறான முடிவுக்கே வந்திருப்பேன். அருகில் மூடியபடி ஒன்றும், சாம்பல்நிற முட்டைகளுடன் ஒன்றும் இருந்ததால், அது சயாதஸ் பேரினம் எனத் துணிந்தேன். எந்தச் சிற்றினம் என்பதை நுண்ணோக்கியே சொல்ல வேண்டும்.

இதனால் என்ன பயன் எனக் கேட்கலாம். மரத்தின் கடினமான லிக்னினைச் சிதைத்து மண்ணுக்குத் திருப்பித் தரும் இவ்வுயிர்களின் உழைப்பு எந்த வருமானக் கணக்கிலும் ஏறுவதில்லை. உலகில் 22 முதல் 38 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என 2017-இல் அறிஞர்கள் மதிப்பிட்டனர். பெயர் பெற்றவை ஏறத்தாழ ஒன்றரை லட்சமே. பெயரில்லாததைக் காக்கக் கோருவது எங்ஙனம்?

கைப்பேசிப் படம் ஒரு தொடக்கம் மட்டுமே. மாதிரியை உலர்த்தி, காகித உறையிலிட்டு, இடம், நாள், மரம் ஆகியவற்றைக் குறித்து வைத்தால்தான் பின்னொரு நாள் ஆய்வாளர் சரிபார்க்க இயலும். நம் கல்லூரித் தாவரவியல் துறைகள் மழைக்காலந்தோறும் இதை மாணவர்க்குப் பயிற்சியாக்கலாம்.

இவ்வூர்த் திரைலோக்கியநாதர் கோயிலின் குரா மரத்தை மக்கள் போற்றிக் காக்கின்றனர். உதிர்ந்த கிளையையோ குப்பையெனக் கூட்டித் தீயிடுகிறோம். தீயிடும் முன் ஒருமுறை குனிந்து பார்ப்போம்.