பொதிகை மலையின் மஞ்சள் ஆர்க்கிட்

ஒரு செடி வெளிநாடுகளில் கண்ணாடிக் குடில்களில் தொட்டி தொட்டியாக வளர்கிறது. ஆனாலும் விஞ்ஞானிகள் அதை 'மிக அருகிய இனம்' என்கிறார்கள். ஏன் என்று பார்ப்போமா?

செடியின் பெயர் பாஃபியோபெடிலம் ட்ரூரி. தாமிரபரணி பிறக்கும் பொதிகை, அதாவது அகத்தியமலைப் பகுதிதான் அதன் சொந்த ஊர். தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் அந்த மலைகளைத் தவிர உலகில் வேறு எங்கும் அது தானாக முளைப்பதில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பாறைகளுக்கு நடுவே புல்லோடு புல்லாக நிற்கும்.

பூவைக் கிட்டத்தில் பாருங்கள். மஞ்சள் இதழ்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் கரும்பழுப்பில் ஒரு கோடு. கீழே குட்டிச் செருப்பின் முனைபோல ஒரு பை. அந்தப் பை ஒரு பொறி! தேன் கிடைக்கும் என்று நம்பி வரும் பூச்சி, வழுவழுப்பான விளிம்பில் சறுக்கி உள்ளே விழுகிறது. தேன் ஒரு சொட்டுகூட இல்லை. விழுந்த வழியே ஏற முடியாது. பின்பக்கம் மட்டும் பற்றி ஏற மயிர்கள் இருக்கின்றன. அந்தக் குறுகலான வழியில் முதலில் சூலகமுடி, அடுத்து மகரந்தம். இடித்து நெருக்கி வெளியே வரும் பூச்சியின் முதுகில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அதே பூச்சி இன்னொரு பூவில் ஏமாந்தால்தான் காய் பிடிக்கும்!

காய்க்குள் ஆயிரக்கணக்கில் விதைகள். ஆனால் நெல்லிலும் அவரையிலும் இருப்பதுபோல அவற்றில் சேமித்த உணவு கிடையாது. மண்ணில் இருக்கும் ஒருவகைப் பூஞ்சை உணவு கொடுத்தால்தான் முளைக்கும். பூச்சியும் பூஞ்சையும் அந்தப் புல்வெளியும் சேர்ந்தால்தான் இந்த ஆர்க்கிட்டுக்கு வாழ்க்கை.

1865-இல் ட்ரூரி என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இதைக் கண்டெடுத்தார். பிறகு நெடுங்காலம் காட்டில் இது யார் கண்ணிலும் படவில்லை. 1972-இல் மறுபடி கிடைத்தது. நல்ல செய்திதானே? ஆனால் விஷயம் வெளியே தெரிந்ததும், விற்பதற்காகச் செடிகளை வேரோடு தோண்டிக் கொண்டுபோனார்கள். காட்டுத்தீயும் சேர்ந்துகொண்டது. நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதே 1972-இல்தான் வந்தது. ஆனால் செடிகளைக் காக்கும் பிரிவு அதில் சேர்ந்தது 1991-இல். எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடைவெளி இது. இப்போது இந்தச் செருப்பு ஆர்க்கிட்டுகளைக் காட்டிலிருந்து எடுப்பது குற்றம். அப்படி எடுத்ததை நாடுவிட்டு நாடு விற்கவும் தடை இருக்கிறது.

இனி தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். உலக அளவில் உயிரினங்களின் நிலையைச் சொல்லும் சிவப்புப் பட்டியல் தொட்டிச் செடிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. இயலிடத்தில் தானாக வாழ்பவற்றை மட்டுமே பார்க்கும். தொட்டிச் செடிக்கு மகரந்தம் வைப்பது மனிதக் கை. விதையை முளைக்க வைப்பது ஆய்வகக் குப்பி. மனிதர் கைவிட்டால் அதன் கதை முடிந்தது. 'மிக அருகிய' நிலைக்கு அடுத்த படி, 'இயலிடத்தில் அற்றுவிட்டது' என்பது.

திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் விஞ்ஞானிகள், ஆய்வகத்தில் இந்தச் செடியைப் பெருக்கி மலையில் மறுபடி நட்டிருக்கிறார்கள். நட்டது பிழைத்தால் பாதி வெற்றி. அது பூத்து, பூச்சி வந்து, காய் வெடித்து, யாரும் விதைக்காமலே பக்கத்தில் ஒரு கன்று முளைத்தால்தான் முழு வெற்றி.