குரல் கேட்டால் யாரிடம் போவது? அன்றும் இன்றும்

"காதுக்குள்ள யாரோ ஓயாம பேசுதாங்க. என்னைய ஏசுதாங்க." இலஞ்சி, குற்றாலம், தென்காசிப் பக்கம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வாலிபப் பையன் இப்படிச் சொன்னால், வீட்டாருக்கு முதலில் தோன்றியது காத்து கருப்பு அல்லது செய்வினை. கோடாங்கி வந்து உடுக்கை அடிப்பார். திருநீறு, வேப்பிலை, தாயத்து எல்லாம் ஆகும். அதற்கும் அடங்காவிட்டால் குற்றாலம். அருவித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் பித்தம் தெளியும் என்ற நம்பிக்கை வெளியூர்க்காரர்களையும் இங்கே அழைத்து வந்தது.

மருந்து அன்றே இருந்தது. குளோர்புரோமசின் 1952-லேயே பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் மனநல மருத்துவம் என்றால் சென்னைக் கீழ்ப்பாக்கம் என்றே ஊர் நினைத்தது. அந்தப் பெயரே வசவாக இருந்ததால், குடும்பங்கள் நோயை வீட்டுக்குள் ஒளித்தன. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன், 1984-ல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். இப்படிக் குரல் கேட்கும் மனச்சிதைவு நோயாளிகளை அடைத்து வைப்பதை விடுத்து, வீட்டோடும் வேலையோடும் வாழவைப்பதே அதன் நோக்கம்.

அன்று பேய் என்றோ பொய் என்றோ ஒதுக்கிய அந்தக் குரலை இன்று மூளைக்குள்ளேயே தேடிப் பார்க்க முடிகிறது. 1993-ல் லண்டன் ஆய்வாளர்கள், குரல் கேட்கும் நேரத்தில் நோயாளிகளின் மூளையைப் படம் பிடித்தார்கள். பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியில் இரத்த ஓட்டம் கூடியிருந்தது. 1999-ல் வந்த இன்னொரு ஆய்வு, வெளியிலிருந்து வரும் ஒலியை வாங்கும் செவிப்புறணியே அப்போது விழித்துக்கொள்வதைக் காட்டியது. நாம் வாய் திறந்து பேசும்போது, "இது உன் குரல்தான்" என்று மூளை தன் செவிப் பகுதிக்கு முன்கூட்டியே சொல்லி, அதன் துலங்கலைத் தணிக்கிறது. மனச்சிதைவில் இந்தத் தணிப்பு குறைகிறது. அதனால்தான் தனக்குள் எழும் பேச்சு வேறொருவர் பேச்சாக ஒலிக்கிறது என்பது இன்று வலுவாக முன்வைக்கப்படும் விளக்கம்.

கோளாறு குரலோடு நிற்பதில்லை. அரை நொடி இடைவெளியில் இரண்டு 'டிக்' ஒலிகளைக் கேட்கவிட்டால், இரண்டாவதற்கு மூளை வழக்கமாகக் குறைவாகவே துலங்கும். கேட்டதையே மறுபடி கேட்க அது மெனக்கெடாது. நோயாளிகள் பலரிடம் அந்தக் குறைவு தெரிவதில்லை என்று 1982-ல் அமெரிக்காவின் கொலராடோவில் கண்டார்கள். தேவையற்ற ஒலியைச் சலித்துத் தள்ளும் சல்லடையின் கண் அகன்றுவிட்டது போலத்தான் இது. கோயில் ஒலிபெருக்கி, பேருந்து ஹாரன், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் ஒரே வேகத்தில் உள்ளே நுழைகின்றன. குரலின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறிவதும் பலருக்குச் சிரமமாகிறது. அம்மா அக்கறையோடு, "சாப்பிடுலே, நேரமாவுது" என்றாலும் அது கோபமா பாசமா என்று பிடிபடாமல் போகலாம். முறைப்பான், பேசமாட்டான் என்று நாம் குறை சொன்ன எத்தனையோ பேரின் துன்பம் இதில் அடங்கியிருக்கிறது.

கேட்கும் குரல் என்ன பேசும் என்பதில் ஊருக்கும் பங்குண்டு. மானிடவியலாளர் தான்யா லூர்மன், சென்னை ஸ்கார்ஃப் மருத்துவர்களோடு சேர்ந்து, சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியா ஆகிய மூன்று இடங்களிலும் இருபது இருபது பேரிடம் பேசினார். கலிபோர்னியாவில் பலர் கேட்டது வன்முறையைத் தூண்டும் அந்நியக் குரல்கள். சென்னையில் பலர் கேட்டது உறவினர் குரல்கள். அவை ஏசின, புத்தி சொன்னன, வீட்டு வேலையைப் பார்க்கச் சொன்னன.

சட்டமும் மாறியிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகே நாடு விழித்தது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்தது. இன்று இலஞ்சிக்காரர் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. தென்காசி அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலத் துறை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மாறாமல் இருப்பது நம் முதல் பதில். "ஒண்ணும் கேக்கல, சும்மா இரு" என்று இன்றும் அதட்டுகிறோம். குரல் கேட்பவரின் மூளை அதைக் கேட்கத்தான் செய்கிறது. இல்லாததைச் சொல்கிறார் என்று வாதாடினால் அவர் நம்மிடம் சொல்வதையே நிறுத்திவிடுவார். நோய் மட்டும் உள்ளே வளரும். "என்ன சொல்லுது? பயமா இருக்கா?" என்று உட்கார்ந்து கேளுங்கள். டிவி சத்தத்தைக் குறையுங்கள். ஒருவர் மட்டும், மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். குலசாமிக்கு நேர்ந்துகொள்வது உங்கள் விருப்பம். ஆனால் அதற்காக மருத்துவரைப் பார்ப்பதை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சீக்கிரம் தொடங்கிய சிகிச்சைக்கே பலன் அதிகம்.