உங்களுக்குத் தெரியுமா? கணினித் திரையில் கண்ணாடி ஜன்னல்!

● விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், செயலற்று நின்றுபோன புரோகிராமின் மேல் இன்னொரு விண்டோவை இழுத்தால், போன வழியெல்லாம் அதன் தடம் வரிசையாகப் பதியும். மறைந்த பகுதியின் படத்தை அன்றைய கணினி பொதுவாகச் சேமித்து வைக்காது. மேலிருப்பது விலகியதும், ‘திரும்ப வரை’ என்று கீழிருக்கும் புரோகிராமிடம் சொல்லும். நின்றுபோனது எப்படி வரையும்?

● ஒரு விண்டோ வழியே இன்னொன்றைக் காட்டுவதற்கும் இதுதான் தடை. அடியில் இருப்பதன் படமே கையில் இல்லையே!

● அதனால் லினக்ஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோக்களான ‘டெர்மினல்கள்’ சில ஒரு தந்திரம் செய்தன. தமக்கு நேர் பின்னால் வரும் வால்பேப்பர் துண்டை நகலெடுத்துப் பின்னணியாகப் பூசிக்கொண்டன. நடுவே கால்குலேட்டர் திறந்திருந்தாலும் அது தெரியாது. வால்பேப்பர் மட்டுமே தெரியும்.

● 256 நிறத் திரைகளில் இன்னொரு சிக்கல். ஒவ்வொரு புள்ளிக்கும் குறித்து வைத்தது நிறத்தை அல்ல, நிறப்பட்டியலின் வரிசை எண்ணை. 10-ஆம் நிறத்தையும் 20-ஆம் நிறத்தையும் கலந்தால் 15-ஆம் நிறம் கிடைக்காது.

● நிறங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கலக்கும் கணக்கைத் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-லேயே வகுத்துத் தந்துவிட்டார்கள். இருவரும் லூகாஸ்ஃபிலிமில் வேலை பார்த்தவர்கள்.

● அந்தக் கணக்கு டெஸ்க்டாப் முழுவதற்கும் வர ஆண்டுகள் பிடித்தன. ஒவ்வொரு விண்டோவையும் தனித்தனியே நினைவகத்தில் வரைந்து, கடைசியில் அடுக்கிக் கலக்கும் முறைக்குப் பெயர் ‘காம்போசிட்டிங்’. 2001-ல் மேக் ஓஎஸ் எக்ஸ், 2004-ல் லினக்ஸில் பயன்படும் எக்ஸ் விண்டோ சிஸ்டம், 2007-ல் விண்டோஸ் விஸ்டா என்று அது வந்து சேர்ந்தது. தடம் பதியும் தொல்லையும் அதோடு ஒழிந்தது.

● இதற்கு விலை உண்டு. 1920 × 1080 திரையை நிறைக்கும் ஒரு விண்டோவுக்கு, புள்ளிக்கு 4 பைட் வீதம், சுமார் 83 லட்சம் பைட் நினைவகம் வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் விநாடிக்கு 60 முறை கலந்தால் 37 கோடிக் கணக்குகள்! கிராபிக்ஸ் கார்டு கைகொடுத்ததால் இது சுலபமானது.

● விஸ்டாவின் கண்ணாடிச் சட்டம் பின்னால் இருப்பதை மங்கலாக்கியே காட்டியது. பளிச்சென்று தெரிந்தால் இரண்டு எழுத்துகள் மோதிக்கொள்ளும்; எதையும் படிக்க முடியாது.

● உங்களுக்கும் படிக்கச் சிரமமாக இருக்கிறதா? விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸில் ‘பெர்சனலைசேஷன்’, ‘கலர்ஸ்’ என்று போய் ‘டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ்’ பொத்தானை அணைத்துவிடுங்கள். அழகைவிடக் கண் முக்கியம்.