கொழுப்பு தங்க ஓர் இடம்

கொழுப்பு குறையக் குறைய உடலுக்கு நல்லது என்றால், லிப்போடிஸ்ட்ரோபி என்னும் அரிய நோய் உள்ளவர்களைச் சர்க்கரை நோய் தீண்டவே கூடாது. தோலுக்கடியில் கொழுப்புத் திசு அவர்களுக்கு மிகக் குறைவு. சிலருக்கு அறவே இல்லை. ஆனால் நடப்பது நேர்மாறு. இன்சுலின் சுரந்தும் பலனில்லாமல் போகிறது, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு எகிறுகிறது, கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது. கொழுப்புத் திசுவே இல்லாதபடி உருவாக்கப்பட்ட எலிகளுக்கும் இதே கதிதான். 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அவற்றின் தோலுக்கடியில் ஆரோக்கியமான எலிகளின் கொழுப்பைப் பொருத்தியதும் சர்க்கரை நோய் தணிந்தது. ஆகவே கொழுப்புத் திசு உடலுக்கு ஓர் உறுப்பு; அதுவும் காவல் காக்கும் உறுப்பு. சாப்பிட்டபின் ரத்தத்தில் சேரும் கொழுப்பை வாங்கி வைத்து, பசிக்கும் வேளையில் திருப்பித் தருகிறது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டறிந்த லெப்டின் போன்ற ஹார்மோன்களைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்கும் தெரிவிக்கிறது. இந்தத் திசு மேலும் விரிய முடியாமல் திணறும்போதுதான் கேடு தொடங்குகிறது. உப்பிப்போன செல்கள் மடிகின்றன, அழற்சி மூள்கிறது, இடம் கிடைக்காத கொழுப்பு கல்லீரலுக்கும் தசைக்கும் கணையத்துக்கும் போய்ச் சேர்கிறது.

அப்படியானால் எடை கூடினால் கவலையில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2004இல் அமெரிக்காவில் பருமனான பெண்களின் வயிற்றுத் தோலடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். இன்சுலினின் செயல்திறன் துளியும் கூடவில்லை. ஆனால் உணவைக் குறைத்து இளைத்தவர்களின் கதை வேறு. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரை நோயாளிகளில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மருந்தில்லாமலே சர்க்கரை அளவு நோய் வரம்புக்குக் கீழே இறங்கியது. பட்டினியில் முதலில் கரைவது கல்லீரல் கொழுப்பு. கத்தி அதைத் தொடுவதே இல்லை. எனவே எடைக் குறைப்பு பயனுள்ளதுதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே எல்லை இல்லை. சிலருடைய தோலடித் திசு தாராளமாக விரியும், சிலருடையது சீக்கிரமே நிரம்பிவிடும். இந்தியர்களான நம்மில் பலர் இரண்டாம் வகை என்பதுதான் என்னை உறுத்துகிறது. 2004இல் புனே மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு லான்செட் இதழில் காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 22.3, கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. குறியீட்டெண் இருவரையும் ஒன்றாகவே காட்டும். அதனால் ஒல்லியாக இருப்பவருக்கு 'எடை சரி' என்று சொல்லி அனுப்பிவிடுவது போதாது. இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டரும் பெண்களில் 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கைக் கோடுகள்.