சக எழுத்தாளரின் மதிப்புரை

நூலாசிரியர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் அச்சிட்ட நாவலை நம் கையில் கொடுத்து, "படித்துப் பார்த்து நாலு வரி எழுதுங்கள்" என்று கேட்கிறார். கேட்பவரும் எழுத்தாளர், கேட்கப்படுபவரும் எழுத்தாளர். அந்த நாலு வரியை எழுதுவது எத்துணைக் கடினம் என்பதை அந்நிலைக்கு ஆளானவர்களே நன்கு அறிவர். புகழ்ந்துவிட்டால் நட்பு நிலைக்கும். உண்மை நிலைக்குமா என்பது ஐயம். குறையைக் கூறினால் உண்மை நிலைக்கும். நட்பு நிலைக்குமா என்பது ஐயம். இவ்விரண்டிற்கும் இடையே நேரிய வழி ஒன்று உண்டா என்பதே இவ்வுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

சொந்தச் செலவில் நூல் வெளியிடுவது தமிழுக்குப் புதிதன்று. பாரதியார் 1908-ஆம் ஆண்டில் "ஸ்வதேச கீதங்கள்" என்னும் தொகுதியைத் தாமே வெளியிட்டார். "பத்மாவதி சரித்திரம்" எழுதிய அ. மாதவையா, உப்பு இலாகா உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், மயிலாப்பூரில் சொந்த அச்சுக்கூடம் நிறுவி, தம் நூல்களையும் "பஞ்சாமிர்தம்" என்னும் பத்திரிகையையும் வெளிக்கொணர்ந்தார். சி. சு. செல்லப்பா 1997-ஆம் ஆண்டில், முதுமையின் தளர்ச்சிக்கிடையே, "சுதந்திர தாகம்" என்னும் பெருநாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். அவர் 1998-இல் மறைந்தார். அந்நாவலுக்குச் சாகித்ய அகாதெமிப் பரிசு 2001-இல் அளிக்கப்பட்டது. ஆகவே, இத்தகைய நூல்களைப் பதிப்பகத்தார் ஒதுக்கித் தள்ளியவை என்று இளப்பமாக எண்ணுவது சரித்திரம் அறியாமையாகும். அதே சமயம், ஒருவர் தம் பொருளைச் செலவிட்டார் என்பதனாலேயே அவர் நூல் உயர்ந்ததாகிவிடுவதும் இல்லை.

பதிப்பகம் ஒன்றின் வழியாக வரும் நூலுக்கும் ஆசிரியரே வெளியிடும் நூலுக்கும் உள்ள வேறுபாடு யாது? நல்ல பதிப்பகத்தில் கையெழுத்துப் பிரதியை முதலில் ஒருவர் படித்து, ஏற்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிறார். பிறகு பதிப்பாசிரியர் ஒருவர், "இந்த அத்தியாயம் நீளம், இந்தப் பாத்திரம் பாதி வழியில் காணாமற் போய்விட்டது" என்று எடுத்துக் காட்டுகிறார். அதன்பின் மெய்ப்புத் திருத்துவோர் பிழை களைகின்றார். தாமே வெளியிடுபவருக்கோ இந்தத் துணைகள் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. அவர் நூலைக் குறை காணும் கண்ணோடு முதன்முதலில் படிப்பவர், அது அச்சாகி வந்த பின் மதிப்புரைக்காகக் கையிலெடுக்கும் சக எழுத்தாளராகவே அமைந்துவிடுகிறார். பதிப்பாசிரியர் செய்திருக்க வேண்டிய வேலையும் விமரிசகர் செய்ய வேண்டிய வேலையும் ஒருவர் தலையிலேயே, அதுவும் காலம் கடந்து, வந்து விழுகின்றன. இத்துறையில் நேரும் குழப்பங்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இதுவே.

எழுத்தாளரே எழுத்தாளரை மதிப்பிடும் வழக்கத்தைத் தமிழில் வேரூன்றச் செய்தவர்களுள் இருவரை இங்கே நினைவு கூர்தல் தகும். க. நா. சுப்ரமண்யமும் செல்லப்பாவும் 1912-ஆம் ஆண்டில் பிறந்தவர்கள், இருவரும் நாவலாசிரியர்கள், இருவரும் சொந்தப் பொறுப்பில் சிறு பத்திரிகை நடத்திக் கைப்பொருள் இழந்தவர்கள். க. நா. சு. 1957-இல் "படித்திருக்கிறீர்களா?" என்ற நூலில், வாசகர் தவறவிடக் கூடாதவை என்று தாம் கருதிய நூல்களை அறிமுகம் செய்தார். நிறையப் படித்துப் பண்பட்ட மனம் ஒன்று, "இது நன்று, இது நன்றன்று" என்று கூறும் தீர்ப்பே அவருக்கு முக்கியம். செல்லப்பாவுக்கு அது போதவில்லை. நன்று என்றால் ஏன் நன்று, எந்த இடத்தில் நன்று என்று நூலைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த அலசல் முறைக்கு இடமளிக்கவே 1959 ஜனவரியில் "எழுத்து" பத்திரிகையைத் தொடங்கி, 1970 வரை நடத்தினார். தம் பிரசுரங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்ற அதே மனிதர், தம் நண்பர் பி. எஸ். ராமையாவின் சிறுகதைகளை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். ஒரு சக எழுத்தாளருக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிட வேறு உண்டோ?

இவ்விரு முறைகளில் எது சிறந்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் சொந்த வெளியீடுகளைப் பொறுத்தமட்டில் செல்லப்பாவின் வழியே பயன் மிக்கது என்பது என் துணிபு. தீர்ப்பு மாத்திரம் கிடைத்தால் ஆசிரியர் மகிழ்வார், அல்லது வருந்துவார். அதற்கு மேல் ஒன்றும் செய்ய இயலாது. காரணமும் இடமும் சுட்டிக் கூறினால், அவர் அதனை ஏற்றுத் திருந்தலாம். அல்லது மறுத்து வாதிடலாம். வாசகரும் தாமே நூலைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதனை நான் நூலறிவால் மட்டும் கூறவில்லை. பட்டறிவும் உண்டு. நான் வசிக்கும் பெங்களூர் விவேக் நகரில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தெருவில் தமிழ் கேட்கும். ஆனால் புதிய தமிழ் நாவல் ஒன்று பெரும்பாலும் கைக்குக் கைதான் மாறும். சில ஆண்டுகளுக்கு முன்பு, தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புக்காக இந்நகர் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி நாவல் எழுதி, தம் சேமிப்பைக் கொண்டு அச்சிட்டார். ஒரு சிறுகதைத் தொகுதியை அவ்வாறே வெளியிட்டவன் என்ற முறையில் என்னிடம் மதிப்புரை கேட்டார்.

அந்த நாவலில் மறக்க இயலாத ஓர் இடம் இருந்தது. தெருக்குழாயடியில் குடத்தோடு நிற்கும் தாய், "இப்போது என் முறை" என்று சொல்வதற்காகவே முதல் கன்னட வாக்கியத்தைக் கற்றுக்கொள்கிறாள். ஆனால் முதல் அறுபது பக்கங்கள் வெறும் வமிசாவளி. பாத்திரங்கள் யாவரும், குழந்தை முதல் கிழவர் வரை, ஒரே மேடைத் தமிழில் பேசினர். இவற்றை நான் கண்டேன், கண்டும் எழுதவில்லை. கடைசிப் பகுதியை அவசரமாகப் புரட்டிவிட்டு, "பக்கத்திற்குப் பக்கம் உயிர்த்துடிப்பு" என்று முடித்தேன். அவ்வாக்கியம் அவருடைய இரண்டாம் நாவலின் பின்னட்டையில் இடம் பெற்றது. அந்த நாவலிலும் அதே வமிசாவளி. அதே மேடைத் தமிழ். ஐந்நூறு பிரதிகளில் பெரும்பகுதி அவர் வீட்டுக் கட்டிலின் கீழ்க் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. ஒருநாள் மனம் பொறாது குறைகளைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முதல் புத்தகத்திலேயே சொல்லியிருந்தால் இரண்டாவதைத் திருத்தியிருப்பேனே, தம்பி" என்று மட்டும் கூறினார். தாட்சணியம் என்று நான் நினைத்தது உண்மையில் சோம்பல் என்பதை அன்று உணர்ந்தேன்.

மேல்நாட்டிலும் இச்சிக்கல் உண்டு. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-இல் "புல்லின் இதழ்கள்" என்ற தம் நூலைச் சொந்தச் செலவில் வெளியிட்டு, பெயர் மறைத்துத் தாமே அதற்குப் புகழுரைகளும் எழுதிப் பத்திரிகைகளில் வெளியிட்டார். நூல் உலகப் புகழ் பெற்றது. அச்செயலை மட்டும் இன்றும் யாரும் போற்றுவதில்லை. ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா உல்ஃப் வேறு வகையில் சிந்தித்தார். அவரும் கணவர் லெனார்டும் 1917-இல் வீட்டிலேயே கை அச்சு இயந்திரம் ஒன்றை வைத்து ஹோகார்த் அச்சகத்தைத் தொடங்கினர். அவருடைய பிற்கால நாவல்கள் அங்கிருந்தே வெளிவந்தன. பல்லாண்டு மதிப்புரை எழுதிப் பழகிய அவர், 1939-இல் ஒரு சிறு பிரசுரத்தில் விந்தையான யோசனை ஒன்றைக் கூறினார். பத்திரிகை மதிப்புரையை நிறுத்திவிடலாம். நோயாளி மருத்துவரை நாடுவது போல, நூலாசிரியர் கட்டணம் செலுத்தி விமரிசகரைத் தனியே சந்தித்து, ஒளிவு மறைவின்றிக் கருத்துக் கேட்கலாம் என்பது அந்த யோசனை. லெனார்டு அதற்கு உடன்படவில்லை. வாசகருக்கு வழிகாட்ட மதிப்புரை வேண்டும் என்னும் தம் மறுப்பையும் அப்பிரசுரத்திலேயே சேர்த்தார்.

அவ்விருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. ஆசிரியருக்குத் தேவைப்படுவது ஒன்று. வாசகருக்குத் தேவைப்படுவது மற்றொன்று. ஆசிரியருக்கு வேண்டியது தனிக்கருத்து. அது கையெழுத்துப் பிரதி நிலையில், இருவர் மட்டும் அறிய, தாராளமாகவும் கண்டிப்பாகவும் கூறப்பட வேண்டும். வாசகருக்கு வேண்டியது மதிப்புரை. தம் பணத்தையும் பொழுதையும் இந்நூலுக்குச் செலவிடலாமா என்று அறிய விரும்புபவருக்காக அது எழுதப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே நம் தவறு. ஆசிரியரைத் தேற்றும் நோக்கில் எழுதப்படும் மதிப்புரை வாசகரை ஏமாற்றுகிறது. ஆசிரியருக்குப் பாடம் புகட்டும் நோக்கில் எழுதப்படுவதோ அவரைப் பலர் முன்னிலையில் நாணச் செய்கிறது.

ஆதலின் நூலைக் கையில் வாங்குமுன் சிலவற்றை உறுதி செய்துகொள்வது நலம். முழுவதும் படிக்காமல் எழுதுவதில்லை என்பது முதலாவது. ஆசிரியர் நண்பராயின், அதனை மதிப்புரையிலேயே வெளிப்படையாகக் கூறுதல் இரண்டாவது. நாம் எழுத விரும்பிய நாவலை அவர் எழுதவில்லையே என்று குறை கூறாமல், அவர் எழுத முனைந்த நாவல் எவ்வளவு கைகூடியது என்று பார்த்தல் மூன்றாவது. எழுத்தாளரே விமரிசகராகும்போது எளிதில் வழுக்கிவிழும் இடம் இது. புகழ்ச்சியாயினும் குறையாயினும் நூலின் இடம் சுட்டியே கூறுதல் நான்காவது. அச்சுப்பிழைகளைப் பட்டியலிட்டு மதிப்புரையை நிரப்பாமல், அவற்றை ஆசிரியருக்குத் தனிக்கடிதமாக அனுப்புதல் ஐந்தாவது. நூல் முற்றிலும் தேறாது எனின், எழுத இயலவில்லை என்பதைக் காரணத்தோடு ஆசிரியரிடம் நேரில் கூறிவிடலாம்; ஒருவரும் அறியாத நூலை ஊரறியத் தாக்குவதால் எவருக்கும் பயனில்லை.

இக்காலத்தில் இதன் தேவை மிகுந்திருக்கிறது. வேண்டிய பிரதிகளை மட்டும் அவ்வப்போது அச்சிடும் வசதி வந்துவிட்டது. கிண்டில் போன்ற மின்னூல் வெளியீட்டில் அச்சுச் செலவும் இல்லை. பதிப்பகத்தின் கதவு திறக்கும் வரை காத்திராமல் நூல் வாசகரை அடைய முடிகிறது; இது வரவேற்கத்தக்கதே. ஆனால், நண்பர் நண்பருக்கு இடும் நட்சத்திரக் குறிகளும் "அருமை", "அற்புதம்" என்னும் ஒற்றைச் சொற்களும் பெருகப் பெருக, வாசகர் எந்தப் புகழ்ச்சியையும் நம்பாத நிலை தோன்றிவிடுகிறது. அப்போது பெரிதும் நஷ்டமடைபவர் யார்? நல்ல நாவலை எழுதி, விளம்பரத்திற்கு வழியின்றி, ஓர் உண்மையான மதிப்புரையை மட்டுமே நம்பியிருக்கும் எழுத்தாளரே அன்றோ?

நான் குறிப்பிட்ட பெரியவர் இப்போது மூன்றாவது நாவல் எழுதி வருகிறார். அத்தியாயம் முடிந்ததும் தாள்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார். நான் பென்சிலால் ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பித் தருகிறேன். சிலவற்றை ஏற்கிறார், சிலவற்றை, "இது உமக்குப் புரியாது" என்று தள்ளிவிடுகிறார். அவருடைய பாத்திரங்கள் இப்போது பெங்களூர்த் தமிழ் பேசுகின்றனர். நூல் அச்சானதும் அதற்கு மதிப்புரை எழுத வேறொருவரைத்தான் நாட வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பிரதியைத் திருத்த உதவியவன் அதன் தரத்திற்குச் சாட்சி கூறுவது முறையன்று.